சனிக்கிழமைக்குப் பதினாறு பிள்ளைகள்

சனிக்கிழமைகளில் நாங்கள் தோட்டத்தைவிட்டுக் கிளம்பும்போது எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு விடியாத இருட்டில் இன்னும் நிறம் வந்திருக்காது. கணவர் காரை மெதுவாக ஓட்டுவார். மண்சாலை முடிந்து தார்ச்சாலை வந்ததும் பின் இருக்கையில் மகள் தூங்கிவிடுவாள். முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறை, இறுகக் கட்டிய காலணி, மடியில் பந்து. கோலா பிலாவைத் தாண்டி மலைப்பாதை ஏறும்போது மேகம் சாலைவரை இறங்கி வந்து கண்ணாடியைத் தொடும். சிரம்பான் நகரில் கார் நின்றதும் அவள் விழித்து, எங்கே இருக்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் கதவைத் திறந்து திடலுக்குள் ஓடுவாள். தூக்கத்திலிருந்து நேராக விளையாட்டுக்குள் போய்விடுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அங்கே ஒரு காற்பந்துக் கழகம் பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கென்று தேர்வுக் குழு ஒன்றை நடத்தி வந்தது. நிறைய பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்து, அவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. குழுவில் அவளே சிறியவள். டிசம்பர் கடைசியில் பிறந்தவள். காற்பந்தில் வயதைப் பிறந்த ஆண்டை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அதே ஆண்டு ஜனவரியில் பிறந்த பிள்ளைகள் அவளைவிட ஒரு தலை உயரமாக இருந்தார்கள். இது அநியாயம் என்று நான் ஒரு வருடமாகக் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொரு முறையும் சாலையைப் பார்த்தபடி "ம்" என்பார்.

அந்த ஆண்டு, பள்ளி விடுமுறை முடிந்த வாரத்தில், கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பத்து வயதுக்குட்பட்டவர்களுக்குத் தேர்வுக் குழு இனி கிடையாது. அந்த வயதில் யாரையும் தேர்ந்தெடுப்பதும் இல்லை, விலக்குவதும் இல்லை. கோல் எண்ணிக்கை குறிக்கப்படாது, வெற்றிப் பட்டியல் இருக்காது. தேர்வு இனிமேல் பதின்மூன்று வயதில்தான். அதுவரை பிள்ளைகள் தங்கள் இடத்திலேயே விளையாட வேண்டும்; பயிற்சியாளர் அங்கே வருவார். ஆறிலிருந்து ஒன்பது வயதுவரை உள்ள பதினாறு பிள்ளைகள் ஓரிடத்தில் சேர்ந்தால் அங்கே ஒரு மையம் திறக்கப்படும். ஒரு மையத்தில் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளை மட்டுமே சேர்த்துக்கொள்வார்கள்.

கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் பல ஆண்டுகள் துணையாசிரியராக இருந்தவள் நான். வேலையில் இருந்திருந்தால் இதை உள்பக்கத்தில் மூன்று பத்திச் செய்தியாகப் போட்டிருப்பேன், "வரவேற்கத்தக்க மாற்றம்" என்று ஒரு தலைப்போடு. படித்தவரை எதிலும் குறை தெரியவில்லை. ஜனவரிப் பிள்ளைகளுக்குச் சாதகமான தேர்வு போய்விட்டது. மலைப்பாதைப் பயணமும் போய்விட்டது.

கடிதத்தை மகளுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காலணியின் அடியில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தாள்.

"நான் நல்லா வெளையாடலையாம்மா?"

"நல்லாத்தான் வெளையாடுற. உன்னை மட்டும் இல்ல, எல்லாரையும்தான் நிறுத்துறாங்க."

"அப்ப யாருமே நல்லா வெளையாடலையா?"

நான் மறுபடியும் முதலிலிருந்து விளக்கினேன். அவள் கடைசியில் கேட்டது ஒன்றுதான்: இங்கே பதினாறு பேர் சேராவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, பதின்மூன்று வயதுவரை காத்திருக்க வேண்டியதுதான் என்றேன். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். எட்டிலிருந்து பதின்மூன்றுக்கு ஒரு கை முழுவதும் தேவைப்பட்டது.

எங்கள் தோட்டத்தில் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று இரண்டு குடியிருப்புகள். நடுவில் ஒரு கால்வாய், ஒரு சிறு பாலம். தனித்தனிக் கோயில், தனித்தனித் திருவிழா. நாங்கள் இருந்தது மேல் டிவிஷனில். கணவர் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி; அவருடைய தாத்தாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இதே மாநிலத்தில் வேறொரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். என்னை எல்லாரும் கிராணியம்மா என்றே கூப்பிட்டார்கள். பெரும்பாலான வீடுகளிலிருந்து இப்போது தோட்ட வேலைக்கு யாரும் போவதில்லை. நீலாய், சிரம்பான் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்த் திரும்புகிறார்கள். பிள்ளைகள் குறைவு. நான் நோட்டில் எழுதிப் பார்த்தேன். அந்த வயதில் மேல் டிவிஷனில் என் மகளையும் சேர்த்து ஒன்பது பேர், கீழ் டிவிஷனில் ஏழு பேர். கூட்டினால் சரியாகப் பதினாறு. கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்ததில் எனக்கு ஒரு திருப்தி.

உடனே ஓர் அறிவிப்பு எழுதினேன். என்ன, எங்கே, எப்போது, யார், ஏன் எல்லாம் முதல் பத்தியிலேயே இருந்தன. பயிற்சியாளர் வரும் நாள், நேரம், பிள்ளைகள் என்ன அணிய வேண்டும், பதினாறு பேர் ஏன் தேவை. தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒரு பிரதி எடுத்து இரண்டு டிவிஷனுக்கும் பொதுவான கடையில், முட்டைத் தட்டுகளுக்கு மேலே ஒட்டச் சொன்னேன். குழுவில் கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. கீழ் டிவிஷனிலிருந்து வந்ததையும் எண்ணினேன். பிள்ளைகள் இருந்த ஆறு வீடுகளும் பார்த்துவிட்டன.

அந்தச் சனிக்கிழமை, பாலத்துக்கு மேல்புறம் பழைய ஆலைக்கு முன்னால் இருந்த புல்வெளிக்குப் பயிற்சியாளர் வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும், தலைத்துணிக்கு மேல் தொப்பி போட்ட மலாய்ப் பெண். புதிய முறையில் பெரிய திடல் தேவையில்லை. இரண்டு பேருக்கு இரண்டு பேர் விளையாடுவார்கள், நான்கு சிறிய கட்டங்கள் போதும். ஆரஞ்சுக் கூம்புகளை வைத்துக் கட்டங்களைப் பிரித்தார். பெற்றோருக்கென்று ஓரமாக ஒரு கயிற்றைக் கட்டி, அதைத் தாண்டக் கூடாது, உள்ளே பார்த்துக் கத்தவும் கூடாது என்று சிரித்தபடி சொன்னார்.

மேல் டிவிஷனிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். கீழ் டிவிஷனிலிருந்து ஒருவரும் வரவில்லை. பாலத்தின் அந்தப் பக்கம் சில பிள்ளைகள் சைக்கிளில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கையசைத்தபோது அவர்களும் கையசைத்தார்கள். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டார்கள்.

பயிற்சியாளர் ஒன்பது பேரையும் விளையாடவிட்டார். போகும்போது என்னிடம், அடுத்த சனிக்கிழமையும் வருவேன், அப்போதும் பதினாறு பேர் சேராவிட்டால் அதற்குப் பிறகு முடியாது, மற்ற இடங்கள் காத்திருக்கின்றன என்றார். மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் காலணியைக் கழுவவில்லை. அப்படியே வாசலில் விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

காரணம் தெரிந்தது கடையில். கீழ் டிவிஷனைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லாரி. அவருக்கு ஏழு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு மகன்கள். நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அறிவிப்பைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். அது அவர் தலைக்கு மேலேயே ஒட்டியிருந்தது.

"பாத்தேன் கிராணியம்மா. ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க, பேப்பர்ல வர்ற மாதிரி." தேநீரை ஒரு முறை ஊதினார். "பேப்பர்ல வர்ற கல்யாணத்துக்கெல்லாம் நம்ம போறோமா, லா?"

கடைக்காரர் சிரிப்பை அடக்க முட்டைகளை எண்ணத் தொடங்கினார்.

ஓட்டுநர் கோபமாகப் பேசவில்லை. பொறுமையாகவே சொன்னார். மேல் டிவிஷன் பிள்ளைகளுக்கு வாசலில் பார்க்கும்போது நேராகச் சொல்லியிருக்கிறீர்கள். எங்களுக்குப் போனில் வந்தது. பாலத்தைத் தாண்டி யாரும் வரவில்லை. அழைக்காத இடத்துக்குப் பிள்ளைகளை எப்படி அனுப்புவது?

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. இது கல்யாணமா என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன். அவர் இந்தத் தோட்டத்தில் என்னைவிட அதிக காலம் இருந்தவர். "வாட்ஸ்அப்ல போட்டா சொன்னதுதான், அழைச்சதாகாது," என்றார். கல்யாணமோ கருமாதியோ கோயில் கூழோ, ஒரு டிவிஷன் இன்னொரு டிவிஷனைக் கூப்பிட வேண்டுமென்றால் வீடு வீடாகப் போக வேண்டும். வாசலில் நின்று சொன்னால் போதாது, உள்ளே போய் உட்கார வேண்டும். இது எனக்கும் தெரியும். என் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு நானே தட்டோடு போயிருக்கிறேன். பிள்ளைகளின் பந்தாட்டத்துக்கும் அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

புதன்கிழமை மாலை நாங்கள் மூவரும் பாலத்தைத் தாண்டினோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளின் கூரையிலிருந்து புகையைப் போல ஆவி எழுந்து அப்படியே நின்றது. நோட்டில் இருந்த வீடுகள் மட்டும் போதும் என்று முடிவு செய்திருந்தேன். பிள்ளைகள் இருந்தது ஆறு வீடுகளில். முதல் வீட்டில் நான் பேசினேன். பதினாறு பேர் வேண்டும் என்பதில் தொடங்கினேன். அந்த வீட்டு அம்மாவின் முகம் மாறியதை மகள் கவனித்திருக்க வேண்டும். இரண்டாவது வீட்டில், நான் வாயைத் திறக்கும் முன் அவள் முந்திக்கொண்டாள். எண்ணிக்கையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"சனிக்கிழமை எங்க வெளையாட்டு. எல்லாரும் வந்துரணும் அத்தை."

அந்த "அத்தை"யை அவள் எங்கே பிடித்தாள் என்று தெரியவில்லை. நாங்கள் அந்த வீட்டுக்கு உறவு இல்லை. அந்த அம்மா அவள் தலையைத் தொட்டு, உள்ளே போய், ரோஜா நிறத்தில் சிரப்புத் தண்ணீர் கலந்து கொண்டுவந்தார். ஆறு வீடுகளிலும் அதே நிறம், அதே இனிப்பு. ஆறாவது வீட்டில் லாரி ஓட்டுநர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கே வந்து எங்களை உள்ளே கூட்டிப்போனார். விளையாட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கணவரோடு மழையைப் பற்றிப் பேசினார். கிளம்பும்போது மகளிடம் மட்டும் சொன்னார், "நீ கூப்பிட்டுட்டல்ல. வருவாங்க."

திரும்பும்போது நான்காம் ஐந்தாம் வீடுகளுக்கு நடுவிலிருந்த வீட்டின் வாசலில் ஓர் இளம் பெண் துணி மடித்துக்கொண்டிருந்தார். நீலாயில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். அவருடைய மகள் படியில் உட்கார்ந்து கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தாள். ஐந்து வயது, ஆறாக இன்னும் பல மாதங்கள் இருந்தன. அதனால் நோட்டில் அந்த வீடு இல்லை. நான் சிரித்துத் தலையசைத்தேன். அவரும் தலையசைத்தார். நாங்கள் நிற்காமல் நடந்தோம்.

சனிக்கிழமை காலை பனி மிகக் கனமாக இறங்கியிருந்தது. புல்வெளியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் இல்லை. ஆலையின் தகரச் சுவர் எங்கோ உயரத்தில் மிதந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வெள்ளைக்குள்ளிருந்து உருவானார்கள்: முதலில் காலணிச் சத்தம், பிறகு ஒரு நிறம், கடைசியில் முகம். கீழ் டிவிஷன் பிள்ளைகள் பாலத்தைத் தாண்டி ஒன்றாக வந்தார்கள். பின்னால் அவர்களுடைய அப்பாக்கள், கோயிலுக்கு வருவதைப் போலத் தலைவாரி, சட்டைக் கையை மடித்துவிட்டு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் எல்லாரும் ஒரே வரிசையாக நின்றோம்.

நான் எண்ணினேன். பதினான்கு. மறுபடி எண்ணினேன், பதினாறு. பனிக்குள் ஓடும் பிள்ளைகளை எண்ண முடியவில்லை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வைப்பதும் புதிய முறையில் கூடாது. அதனால் பயிற்சியாளர் தலையெண்ணிப் பார்க்கவில்லை. கட்டத்துக்கு நான்கு பேராக அனுப்பினார். முதல் கட்டம் நிறைந்தது, இரண்டாவது, மூன்றாவது. நான்காவது கட்டத்தில் இரண்டு பேருக்கு எதிராக என் மகள் தனியாக நின்றாள்.

லாரி ஓட்டுநர் என் காதருகே சொன்னார், நாலாவது வீட்டுப் பையனுக்கு முந்தா நாளிலிருந்து காய்ச்சலாம்.

பதினைந்து. பயிற்சியாளரும் அதைப் பார்த்துவிட்டார். கையிலிருந்த படிவத்தைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். அச்சுக்குப் போகும் நேரத்தில் ஒரு செய்தியை எடுத்துவிட வேண்டும் என்று சொல்ல வருபவரின் பார்வை. மகள் எங்களைப் பார்க்கவில்லை. பந்தைக் காலடியில் நிறுத்திவைத்து, பாலத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே, பனி சற்று விலகிய இடைவெளியில், பாலத்தின் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால், துணி மடித்துக்கொண்டிருந்த பெண் நின்றிருந்தார். இரவு ஷிப்டு முடித்து வந்த தொழிற்சாலைச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. கையில் மகள். மற்றவர்கள் வருவதைப் பார்த்து வந்திருக்கிறார். ஆனால் பாலத்தைத் தாண்டவில்லை. மற்ற பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் போய், அவர் வீட்டு வாசலைத் தாண்டி நடந்தவள் நான். அந்தத் தூரத்திலும் அவர் என்னைப் பார்ப்பதைத் தவிர்த்தது தெரிந்தது.

மகள் பந்தை விட்டுவிட்டு ஓடினாள். பாதித் தூரம் போனதும் பனி மறுபடி மூடி அவளை எடுத்துக்கொண்டது. அவள் அங்கே என்ன சொன்னாள் என்பது எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெள்ளைக்குள்ளிருந்து மூன்று பேர் வந்தார்கள். சின்னவளின் கட்டைவிரல் வாயில்தான் இருந்தது. இன்னொரு கை என் மகளின் கையில்.

அந்தப் பெண் கயிற்றருகே வந்து நின்றார்.

"மன்னிச்சிருங்க," என்றேன். "வீட்டுக்கே வந்து கூப்பிட்டிருக்கணும். பாப்பாவுக்கு அஞ்சுதானேன்னு விட்டுட்டேன்."

"ஆறு நடக்குது கிராணியம்மா," என்றார் அவர்.

நாம் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். முடிந்த வயதை யாரும் சொல்வதில்லை, நடக்கிற வயதைத்தான் சொல்கிறோம். ஆனால் படிவத்தில் அப்படி எழுத முடியாது என்று நான் நினைத்தேன். பயிற்சியாளர் வந்தபோது உள்ளதை உள்ளபடி மலாயில் சொன்னேன்: இந்தப் பிள்ளைக்கு இன்னும் ஐந்துதான், நவம்பரில்தான் ஆறாகும். சொல்லும்போதே தாயின் முகத்தைப் பார்க்காமலிருக்கக் கூம்புகளைப் பார்த்துக்கொண்டேன்.

பயிற்சியாளர் மாதத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. பிறந்த ஆண்டை மட்டும் கேட்டார். தாய் சொன்னார். பயிற்சியாளர் மனதுக்குள் கழித்துப் பார்த்து, இந்த ஆண்டு ஆறாகிறது, அப்படியென்றால் ஆறுதான் கக் என்றார், மலாயில் அக்கா முறை வைத்து, உங்களுக்கு இது தெரியாததா என்ற தொனியில். தெரியும். டிசம்பர் மகளை வைத்துக்கொண்டு ஒரு வருடம் அந்தக் கணக்கைத் திட்டித் தீர்த்தவள் நான். அதே கணக்கு இன்னொருத்தியின் பிள்ளைக்கும் உண்டு என்பதை ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

"அதான் ஆறு நடக்குதுன்னேன்," என்றார் அந்தப் பெண். குரலில் வெற்றி எதுவும் இல்லை. தூக்கம்தான் இருந்தது.

நான்காவது கட்டத்தில் ஆட்டம் தொடங்கியது. சின்னவள் முதலில் செய்தது பந்தைக் கையால் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டதுதான். எதிரே நின்ற இருவரும் ஓட்டுநரின் மகன்கள். பெரியவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். என் மகள் அவனைக் கையால் நிறுத்தினாள். சிரம்பானில், உயரமான ஜனவரிப் பிள்ளைகளிடமிருந்து பந்தைப் பறிக்க அவள் எப்படிப் பாய்வாள் என்று பார்த்திருக்கிறேன். இப்போது அவள் சின்னவளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று சொல்ல முடியாது. பனியில் நேரம் தெரியவில்லை. சின்னவள் பந்தைக் குனிந்து புல்லில் வைத்தாள், தூங்கும் குழந்தையைக் கிடத்துவதைப் போல. பிறகு விரலை வாயிலிருந்து எடுத்து, அதை ஓர் உதை உதைத்தாள். பந்து கட்டத்தை விட்டு எங்கோ போனது. நான்கு பேரும் அதன் பின்னால் பனிக்குள் ஓடி மறைந்தார்கள். சிரிப்பு மட்டும் வந்தது. யார் சிரித்தார்கள் என்று பிரித்தறிய முடியவில்லை.

பயிற்சியாளர் படிவத்தை உள்ளங்கையில் வைத்துப் பதினாறு என்று எழுதினார். மையத்தின் பெயர் என்று ஒரு கோடு இருந்தது. மேல் டிவிஷன் என்று போடுவதா என்று கேட்டார். அப்பாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாலம் என்று போடுங்கள் என்றார் என் கணவர். யாரும் மறுக்கவில்லை. ஜம்பாத்தான் என்று மலாயில் எழுதிக்கொண்டு, இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவேன் என்றார் பயிற்சியாளர்.

இதை உடனே மகளிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. வாரம் முழுவதும் அவள் காத்திருந்தது இந்த ஒரு வரிக்காகத்தான். ஆனால் பெற்றோர் கயிற்றைத் தாண்டக் கூடாது, உள்ளே பார்த்துக் கத்தவும் கூடாது. அவள் பனியிலிருந்து ஒரு முறை வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது, என்னைப் பார்த்தாள். பார்த்ததாகத்தான் நினைக்கிறேன். எதுவும் கேட்காமல் திரும்பவும் உள்ளே ஓடினாள். நான் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.